விட்டுட்டுப் போங்க

அத்தியாயம் 14

போன வாரம் வேன்காரம்மாவை ஆளாளுக்கு வறுத்தெடுத்திருந்தீர்கள். 'சாகக் கிடக்கும் நாயை ஆஸ்பத்திரியில் தள்ளிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனவள் எல்லாம் ஒரு பெண்ணா?' என்று ஒரு வாசகி கொதித்திருந்தார். அந்தம்மா இந்த வாரம் வருகிறார். நேரிலேயே கேட்டுவிடுங்கள்.

இந்த வாரம்தான் முதல் தடவையாகப் புரட்டுகிறவர்களுக்கு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அக்காவும் தங்கையும் ஒரே கட்டடத்தில் வேலை பார்க்கிறார்கள். கீழே அக்காவின் பிராணிகள் ஆஸ்பத்திரி. மாடியில் தங்கையின் காப்பகம். ஆதரவில்லாத நாய், பூனைகளுக்கு ஊராரிடம் நன்கொடை திரட்டி, அக்காவிடமே வைத்தியம் பார்த்து, நல்ல வீடாகத் தேடிக் கொடுப்பது அவள் வேலை. அக்காவை எல்லோரும் டாக்டர் என்கிறார்கள். தங்கை நரை எட்டிப் பார்க்கிற வயசிலும் வீட்டில் சின்னவள்தான்.

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற ஓர் அம்மா, கர்ப்பப்பையில் சீழ் கட்டிய தன் நாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆபரேஷனுக்குக் கையில் பணம் இல்லை. நாயை விட்டுவிட்டுப் போனார். அன்று மாலையே டாக்டர் ஆபரேஷன் செய்தாள், நாய் பிழைத்தது. தையல் ஆறியதும் சின்னவள் அதை அப்பாவிடம் கொண்டுபோய் விட்டாள். மனைவி இறந்த பிறகு நாற்காலியை விட்டு எழுந்திருக்காத அப்பா, அதற்கு ராணி என்று பெயர் வைத்தார். காலையும் மாலையும் அதோடு நடந்தார். மகள்கள் கெஞ்சியும் இறங்காத சோறு அவருக்கு இறங்க ஆரம்பித்தது.

எல்லாம் சுபம் என்று நானும்தான் நினைத்தேன்.

காலையில் டாக்டர் ஒரு பூனையின் காதைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். பூனைக்கு அதில் துளியும் சம்மதமில்லை. கம்பவுண்டர் அதைத் துண்டில் சுற்றிப் பிடித்திருந்தும் அவர் மணிக்கட்டில் ரத்தக்கோடு போட்டுவிட்டிருந்தது. வாசலில் ஹாரன் சத்தம் விடாமல் கேட்டது.

"யாருங்க அது? உள்ள நோயாளிங்க இருக்குதுங்கன்னு தெரியாதா?" என்று டாக்டர் அறைக்குள்ளிருந்தே சத்தம் போட்டாள்.

ஹாரன் நின்றது. காத்திருந்தவர்களைத் தாண்டிக்கொண்டு ஓர் அம்மா நேராக அறைக்குள் வந்தார். காக்கிச் சட்டை, காதுக்குப் பின்னால் ஒரு பேனா, கையில் கண்ணாடி விரிசல் விட்ட போன்.

"டாக்டரம்மா, என் கண்டக்டர் எங்க?"

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. வேனில் வேலை பார்த்த யாரையோ தேடி வந்திருக்கிறார் என்று நினைத்தாள்.

"கண்டக்டரா? இங்க அப்படி யாரும் வேலைக்கு இல்லீங்களே."

"என் நாய்ங்க! வேன்ல கதவுப் பக்கத்து சீட்டுல உக்காரும். பிள்ளை ஏறினா ஒரு குரைப்பு, இறங்கினா ஒரு குரைப்பு. அதான் கண்டக்டர்னு பேரு. வயித்துல சீழ்னு சொல்லி ஆபரேஷன் பண்ணீங்களே."

டாக்டருக்கு ஆளை அடையாளம் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் முகம் இறுகிவிட்டது. அன்றைக்கு ஆபரேஷன் அறைக்குப் போகும் முன் அவள் சின்னவளிடம், 'அந்தம்மா எங்கே?' என்று கேட்டிருந்தாள். 'விட்டுட்டுப் போயிட்டாங்கக்கா' என்று பதில் வந்தது. நாயின் தலையை ஒரு தடவை தடவிக்கூடக் கொடுக்காமல் போய்விட்டாளே என்று கத்தியைப் பிடிக்கும் வரைக்கும் அவளுக்கு மனசு ஆறவில்லை.

"விட்டுட்டுப் போனவங்க நீங்கதானே? இப்ப எந்த முகத்தோட வந்து கேக்கறீங்க?"

"ஆமா, விட்டுட்டுப் போகச் சொன்னீங்க. விட்டுட்டுப் போனேன்."

"அப்புறம் என்ன?"

"அப்புறம் என்னன்னா? குணமானா கூட்டிட்டுப் போக வேண்டாமா?"

கம்பவுண்டர் பிடியைத் தளர்த்திவிட்டார் போலிருக்கிறது, பூனை துண்டிலிருந்து நழுவி அலமாரிக்கு மேலே ஏறிவிட்டது. அதை யாரும் கவனிக்கவில்லை.

அன்று கவுன்டரில் உட்கார்ந்திருந்தவள் சின்னவள். அழுதுகொண்டு நின்ற அம்மாவிடம் அவள் சொன்ன வார்த்தை இதுதான்: 'விட்டுட்டுப் போங்க. நாங்க பாத்துக்கறோம்.'

யோசித்துப் பாருங்கள். சைக்கிளை ரிப்பேர் கடையில் விட்டுட்டுப் போகிறோம். தாலி கட்டியவளை நடுத்தெருவில் விட்டுட்டுப் போகிறவனும் இருக்கிறான். இரண்டுக்கும் நம்மிடம் இருப்பது ஒரே வார்த்தை. சின்னவள் ஓர் அர்த்தத்தில் சொன்னாள், அந்தம்மா இன்னோர் அர்த்தத்தில் வாங்கிக்கொண்டார்.

"நான் என்ன வேலை பாக்கறேன்னு தெரியுமில்ல?" என்றார் வேன்காரம்மா. "காலையில பிள்ளைங்களை ஸ்கூல்ல விட்டுட்டுப் போறேன். சாயந்திரம் போய்க் கூட்டிட்டு வர்றேன். என் பொழப்பே அதுதான். விட்டுட்டுப் போறதுன்னா எனக்குத் தெரிஞ்ச அர்த்தம் அது ஒண்ணுதாங்க."

"காப்பகத்துக்குக் கொடுத்துடறேன்னு கையெழுத்துப் போட்டீங்களே?" டாக்டரின் குரல் இப்போது பாதியாகிவிட்டது.

"ஆஸ்பத்திரின்னா எல்லா இடத்துலயும்தான் கையெழுத்து வாங்கறாங்க. என் பிள்ளைக்கு ஆபரேஷன் பண்ணப்பவும்தான் போட்டேன். பிள்ளையை எழுதிக் கொடுத்துட்டா வந்தேன்?"

"அப்புறம் வந்து கேக்கவே இல்லையா நீங்க?"

"கேக்காம? மறுநாளே வந்தேன். தொத்து ஏதாவது வந்துடும், பாக்க முடியாதுன்னாங்க. அப்புறம் வந்தேன். நல்ல இடத்துல இருக்கு, கவலைப்படாதீங்கன்னாங்க. ஆபரேஷன் ஆனதுங்களை வச்சுப் பாத்துக்கற இடம் போலன்னு நினைச்சேன். பிள்ளைங்ககிட்ட கண்டக்டர் லீவுல இருக்குன்னு சொல்லிட்டிருக்கேன். இன்னைக்குக் காலையில ஒரு வாண்டு அவங்கம்மா போனை நீட்டுது. இந்தாங்க, நீங்களே பாருங்க."

விரிசல் கண்ணாடிக்குள் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். அவர் மடியில் தலை வைத்து நாய் படுத்திருந்தது. பின்னணியில் உருக்கமான இசை. கீழே எழுத்து ஓடியது: 'சாகட்டும்னு விட்டுட்டுப் போயிட்டாங்க. இன்று இவள் ஒரு ராணி. உங்கள் உதவியால்.'

"இதை எல்லாத் தாய்மாரும் பாத்துட்டாங்க. நாயையே இப்படிப் போட்டுட்டுப் போறவ கையில பிள்ளையை எப்படி அனுப்பறதுன்னு ஒருத்தி கேக்கறா. பதில் சொல்ல வாய் வரலை எனக்கு."

டாக்டர் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அதை விடுங்க. இதுக்குப் பதில் சொல்லுங்க. அன்னைக்கு நான் உங்க கையைப் பிடிச்சேன். கொஞ்சம் கொஞ்சமா கட்டிடறேன், வேன் இருக்கு, எங்கயும் ஓடிட மாட்டேன்னேன். முடியாதுங்கன்னு சொல்லிட்டுத் திரும்பி உள்ள போயிட்டீங்க. நான் வாசப்படியைத் தாண்டினதும் மட்டும் எப்படிங்க முடிஞ்சுது?"

"ஜனங்க கொடுத்தாங்க. காப்பகத்துக்கு."

"யாருக்காக?"

"நாய்க்காக."

"காலையில நான் தூக்கிட்டு வந்தப்பவும் அது நாயாத்தானேம்மா இருந்துச்சு?"

டாக்டருக்குக் காதுமடல் சுட்டது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் யாரோ கூண்டில் கொண்டுவந்திருந்த கிளியைப் பார்ப்பது போலவும் சுவரைப் பார்ப்பது போலவும் காதை இந்தப் பக்கம் வைத்திருந்தார்கள்.

"சாயந்திரம் பிள்ளைங்களை இறக்கிட்டு எங்கப்பா வீட்டுக்கு வாங்க. உங்க நாயை நான் வாங்கித் தர்றேன்" என்று சொல்லி விலாசத்தைச் சொன்னாள்.

"வாங்கித் தர்றீங்களா? என்கிட்டேருந்து எடுத்ததை எனக்கே வாங்கித் தர்றீங்க. ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு அந்தம்மா போய்விட்டார். வேன் கிளம்பும்போது மறுபடி ஒரு ஹாரன். இந்த முறை டாக்டர் வாயைத் திறக்கவில்லை.

மத்தியானம் டாக்டர் அப்பா வீட்டுக்குள் நுழைந்தபோது அங்கே படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தது. சின்னவள் போனை ஸ்டாண்டில் மாட்டி வைத்துக்கொண்டு, அப்பாவைக் குனியச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார்.

"இன்னும் கொஞ்சம் குனிங்கப்பா. முகத்தோட முகம் வச்சுக்கங்க."

"சீக்கிரம் எடுடி. இதுக்கு மேல குனிஞ்சா நிமிர மாட்டேன், அப்புறம் என்னையும் காப்பகத்துல சேக்க வேண்டியதுதான்."

நாய் டாக்டரைப் பார்த்ததும் வாலை ஆட்டிக்கொண்டு வந்து அவள் செருப்பை மோந்து பார்த்தது. அறுத்துத் தைத்தவள் மேல் அதற்கு ஒரு வருத்தமும் இல்லை.

"அந்த போனை அணை" என்றாள் டாக்டர்.

"ஏன்க்கா?"

"அணைடி!"

அப்பா நிமிர்ந்துவிட்டார். டாக்டர் காலையில் நடந்ததை நின்றபடியே சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் ஏறிக்கொண்டே போனது. சின்னவள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் அவள் முதலில் சொன்னது, "கையெழுத்து இருக்குக்கா" என்பது.

"கையெழுத்தைத் தூக்கிக் குப்பையில போடு. நீ அந்தம்மாகிட்ட என்ன சொன்ன?"

"விட்டுட்டுப் போங்கன்னேன். எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்வேன்."

"இனிமே இது உங்க நாய் இல்லைன்னு சொன்னியா?"

சின்னவள் கட்டியிருந்த கையை அவிழ்த்தாள்.

"சொல்லலை. அழுதுட்டு நிக்கறவங்ககிட்ட அதை எப்படிச் சொல்றது? நோகாம இருக்கட்டும்னுதான் அப்படிச் சொல்றேன்."

"யாருக்கு நோகாம? அவங்களுக்கா, உனக்கா? சரி, மறுநாள் வந்தாங்களே, அப்பவாவது சொன்னியா?"

"சொன்னா திருப்பிக் கேப்பாங்க."

"கேப்பாங்கன்னு தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுதான் வாயை மூடிட்டு இருந்திருக்க!"

சின்னவள் இப்போது திருப்பிக் கொடுத்தாள். அவளுக்கும் அக்காவின் ரத்தம்தானே ஓடுகிறது.

"ஆமா, தெரியும். என்ன பண்ணச் சொல்ற? நாய்க்குச் சொந்தக்காரி இருக்கா, பணம்தான் இல்லைன்னு வீடியோ போட்டுப் பாரேன் ஒரு நாள். என்ன எழுதறாங்கன்னு தெரியுமா? வேனை விக்கச் சொல்லு. போனை விக்கச் சொல்லு. வக்கில்லாதவளுக்கு நாய் எதுக்குன்னு எழுதறாங்க. அதையே அனாதைன்னு போடு. அரை நாள்ல ஆபரேஷனுக்குச் சேந்துடுது. நானா அவங்களை அப்படி ஆக்கினேன்?"

"அப்ப ஒரு நாயைக் காப்பாத்தணும்னா முதல்ல அதை அனாதை ஆக்கணும்."

"உயிரோட இருக்கில்ல? பாரு, இங்க வாலை ஆட்டிட்டு நிக்குது. அந்தம்மாகூட வீட்டுக்குப் போயிருந்தா மறுநாளே முடிஞ்சிருக்கும். நீதான் சொன்ன."

"நான்தான் சொன்னேன். அதனால?"

"அதனால நீ ரொம்பப் பேசாதே! உன் அறைக்குள்ள என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாதா? பணம் கட்டுங்க, இல்லைன்னா வலியில்லாம ஊசி போட்டுத் தூங்க வச்சுடறேன். நான் மாடிக்கு வர்றதுக்கு முன்னாடி உன்கிட்ட இருந்தது இந்த ரெண்டு வழிதான். எத்தனை நாயை அப்படித் தூங்க வச்சுட்டு வந்து இந்த நாற்காலியில உக்காந்து அழுதிருக்க? மூணாவதா ஒரு வழி நான் காட்டினேன். இப்ப அந்த வழி அசிங்கமா இருக்கா உனக்கு?"

சின்னவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதனால்தான் டாக்டருக்குக் கோபம் இன்னும் தலைக்கேறியது. தோற்றுப்போகிற வாதத்தில்தானே நமக்குச் சத்தம் அதிகமாக வரும்.

"கழுத்துல கத்தியை வச்சுட்டுக் கேக்கற கேள்விடி அது. நாய் சாகணுமா, இல்ல உனக்கு இல்லாம போகணுமா, சீக்கிரம் சொல்லுன்னு கேக்கறோம். எந்தத் தாயும் ரெண்டாவதைத்தான் சொல்லுவா. சொல்லிட்டா, சந்தோஷமா கொடுத்துட்டாங்கன்னு நாம எழுதி வச்சுக்கறோம். அதோட நிறுத்தினியா நீ? சாகட்டும்னு விட்டுட்டுப் போனாங்கன்னு ஊர் முழுக்க டமாரம் அடிச்சிருக்க!"

அதுவரை நாயின் காதைச் சொறிந்துகொண்டிருந்த அப்பா வாயைத் திறந்தார்.

"இப்ப என்ன, அந்தப் பொம்பளை வந்து கேட்டா தூக்கிக் கொடுத்துடணுமா? நாளைக்கு மறுபடி இதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவ எங்க போவா? வைத்தியம் பாக்கக் காசில்லாதவ எதுக்கு நாய் வளக்கறா?"

டாக்டர் அப்பாவின் பக்கம் திரும்பினாள். அம்மா போன பிறகு அவரிடம் இந்தக் குரலில் அவள் பேசியதே இல்லை.

"காசில்லாத காலத்துல எங்க ரெண்டு பேரையும் எதுக்குப் பெத்தீங்க?"

"பெரியவளே!"

"எனக்கு மஞ்சள் காமாலை வந்தப்போ தெருவெல்லாம் கை நீட்டினது நீங்கதானே? அப்ப யாராவது வந்து, இந்தப் பிள்ளையை எங்களுக்குக் கொடுத்துடு, நாங்க வைத்தியம் பாத்து நல்ல வீட்டுல சேத்துடறோம், நீ இனிமே இந்தப் பக்கம் வராதேன்னு சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"செருப்பால அடிச்சிருப்பேன்" என்று அப்பா பட்டென்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. கை நாயின் காதிலேயே நின்றுவிட்டது.

சின்னவள் ஸ்டாண்டை மடக்கிப் பையில் வைத்தாள். மேஜையில் அப்பாவின் சாப்பாடு தட்டு போட்டு மூடியபடி இருந்தது. டாக்டர் திண்டாட்டத்தோடு கடிகாரத்தைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், எதையும் பார்க்கப் பிடிக்காமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

சாயந்திரம் வேன் வந்தது. பிள்ளைகளை இறக்கிவிட்டு வரச் சொல்லியிருந்தாள் டாக்டர். அந்தம்மா இறக்கவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து நேராக இங்கே வந்துவிட்டார். ஜன்னல் ஜன்னலாகத் தலைகள் முளைத்தன. தெருவே அதிரும்படி, "கண்டக்டர்! கண்டக்டர்!" என்று ஒரே கூச்சல்.

நாய் துள்ளிக்கொண்டு வெளியே ஓடியது. வேனில் தாவி ஏறி, கதவுப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, பையோடு அங்கே உட்கார்ந்திருந்த ஒரு குட்டிப் பெண்ணை ஓரமாக நகர்த்தியது. ஒரு குரைப்பு குரைத்தது. உள்ளே கைதட்டல்.

உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். இரண்டு நிமிஷத்தில் அது மறுபடி இறங்கி ஓடி வந்து, அப்பாவின் வேட்டியைக் கவ்வி இழுத்தது. அது அவர்கள் நடக்கப் போகும் நேரம். நாய்க்கு இரண்டு பேரும் வேண்டும். அதை மறைக்கத் தெரியாததால் அது வேனுக்கும் வாசலுக்குமாக ஓடிக்கொண்டிருந்தது.

வேன்காரம்மா இறங்கி கேட்டுக்கு வெளியே நின்றார். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை.

"உயிரைக் காப்பாத்திக் கொடுத்திருக்கீங்க. இல்லைன்னு சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டரைப் பார்த்து. "நீங்க கை வச்ச நேரம் நல்ல நேரம். ஆனா நன்றின்னு சொல்ல வரலைங்க எனக்கு. வர வச்சுப் பாத்தேன் வழியெல்லாம். தொண்டையிலயே நிக்குது."

"நீங்க சொல்ல வேண்டாம்."

"ஐயா மேல எனக்குக் கோபம் இல்லை. நல்லா வச்சிருக்கீங்க, பாத்தாலே தெரியுது" என்று அப்பாவிடம் சொன்னார். பிறகு சின்னவளிடம் திரும்பினார். "உன்கிட்டதாம்மா கேக்கணும். அந்த வீடியோவை எடுக்கணும். எடுத்துட்டு, நடந்ததை நடந்தபடி நீயே சொல்லி ஒண்ணு போடணும். நான் விட்டுட்டு ஓடலைன்னு ஊருக்குத் தெரியணும்."

"எடுத்துடறேன்" என்றாள் சின்னவள். "இப்பவே எடுத்துடறேன். ஆனா சொல்ல முடியாதுங்க."

"ஏன்?"

"சொன்னா காப்பகம் பொய் சொல்லிப் பணம் வாங்குதுன்னு ஆகிடும். அப்புறம் ஒருத்தரும் கொடுக்க மாட்டாங்க. மாடியில இடுப்பு உடைஞ்சது கிடக்கு, கண்ணு போனது கிடக்கு. அதுங்களுக்கு மருந்து நான் எங்க போய் வாங்குவேன்?"

"அதுங்க நல்லா இருக்கணும்னா நான் கெட்டவளாவே இருக்கணும். அப்படித்தானே?"

சின்னவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. டாக்டருக்கு அவளைப் பளாரென்று அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் வாரை எடுத்து வந்து நாயின் கழுத்தில் மாட்டினாள். அதை வேன்காரம்மாவிடம் நீட்டினாள்.

அப்போதுதான் அப்பா வெடித்தார். வேன்காரம்மாவிடம் இல்லை. மகள்களிடம்.

"எனக்கு நாய் வேணும்னு நான் கேட்டேனா? ஒத்தை ஆளா இருக்கீங்க, துணைக்கு இருக்கட்டும்னு நீங்களா கொண்டு வந்தீங்க. இப்ப நீங்களா பிடுங்கறீங்க. அந்தம்மாகிட்டயும் ஒரு வார்த்தை ஒழுங்கா கேக்கலை, என்கிட்டயும் கேக்கலை. எது நல்லதுன்னு நீங்களே முடிவு பண்ணிடறீங்க. ரெண்டு பேரும் பெரிய மனுஷிங்க! போங்க! இந்தப் பக்கம் வராதீங்க கொஞ்ச நாளைக்கு!"

நாயைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார். கதவு சாத்தி, தாழ்ப்பாள் விழும் சத்தம் தெருவரைக்கும் கேட்டது. வேன் கிளம்பியது. குழந்தைகள் கும்மாளம் போட்டுக்கொண்டு போனார்கள். நாய் பின்கண்ணாடி வழியாக இந்த வீட்டையே பார்த்துக்கொண்டு போனது.

அக்காவும் தங்கையும் மூடிய கதவுக்கும் காலித் தெருவுக்கும் நடுவில் நின்றார்கள்.

"திருப்தியா உனக்கு?" என்றாள் சின்னவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நியாயம் செஞ்சுட்ட. நாளைக்கு நான் மாடியைக் காலி பண்ணிடட்டுமா?"

டாக்டர் பதில் சொல்வதற்குள் அவள் போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து கம்பவுண்டர்.

"டாக்டர், ஒருத்தர் கூடையில பூனையை எடுத்துட்டு வந்திருக்கார். ஒண்ணுக்குப் போகாம அடைச்சுக்கிட்டிருக்கு. வயித்தைத் தொட்டாலே கத்துது. இன்னைக்கே பாக்கலைன்னா தாங்காது. கையில ஒண்ணும் இல்லேங்கறார். மாடியிலயும் சின்னம்மா இல்லை. வழக்கமா சொல்றதை நானே சொல்லிடட்டுமா?"

போனில் பூனை கத்துவது கேட்டது. அதற்குப் பின்னால், 'ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லடா' என்று ஓர் ஆள் அதைச் சமாதானப்படுத்துவதும் கேட்டது.

சின்னவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்காவின் முகத்தையே பார்த்தாள்.

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றாள் டாக்டர். "டிரிப்ஸ் ஏத்தத் தயார் பண்ணுங்க. அவரையும் உக்காரச் சொல்லுங்க. பூனை பக்கத்துலயே இருக்கட்டும் அவர். நான் வர்றேன்."

ஸ்கூட்டரின் சாவியைத் தேடினாள். அது கையிலேயே இருந்தது.

"உக்கார வச்சுட்டு?" என்றாள் சின்னவள். "இன்னைக்கு ஒருத்தர். நாளைக்கு வாசல்ல பத்துப் பேர் உக்காருவாங்க. அப்ப யாரை உள்ள கூப்பிடுவ, யாரை வீட்டுக்கு அனுப்புவ? அதைச் சொல்லிட்டுப் போக்கா."

டாக்டர் வண்டியைக் கிளப்பினாள். பின்சீட்டைக் கையால் தட்டி, "ஏறு" என்றாள்.